ஏழு கிலோ குறைந்தும் தொப்பை மட்டும் குறையவில்லை, எங்கே தவறு?

நொய்யல்கரை41:
வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 41, உயரம் 168 செ.மீ. பொங்கல் சமயத்தில் எடை 76 கிலோ இருந்தது, இப்போது ஆடி முடியப் போகிறது, 69 கிலோ. ஏழு கிலோ போயிருக்கிறது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் எங்கிருந்து போனது என்றுதான் புரியவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது, சட்டை தோளில் தொங்குகிறது, கை மெலிந்துவிட்டது. போன வாரம் அம்மா "ஏஞ்சாமி இப்படி வத்திப்போயிட்டே, சுகர் கிகர் பாத்தியா" என்று கேட்டு அழாத குறை. தொப்பை மட்டும் ஜனவரியில் பார்த்தது போலவே இருக்கிறது.

நான் செய்வது இதுதான். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், பிறகு 5 கி.மீ. நடை, வந்ததும் 100 க்ரஞ்சஸ் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மேலே தூக்கும் வயிற்றுப் பயிற்சி), இதை மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் செய்கிறேன். காலைக்கு இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, சாம்பார், பொரியல். இரவு இரண்டு சப்பாத்தி, சில நாள் வெறும் பப்பாளி. வியர்க்க வைக்கும் பெல்ட் ஒன்றும் வாங்கி நடக்கும்போது கட்டிக்கொள்கிறேன்.

இன்னும் எடையைக் குறைத்து 62 வரை போனால் தொப்பை போகுமா? இரவுச் சாப்பாட்டை முழுவதும் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பிடி_மாஸ்டர்:
தம்பி, முதலில் இடுப்புச் சுற்றளவு சொல்லுங்கள். பேண்ட் சைஸைச் சொல்ல வேண்டாம், நம் ஊரில் பாதிப் பேர் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறோம், அது 34 என்றால் வயிறு 34 என்று அர்த்தம் இல்லை. தையல் டேப் எடுங்கள். விலாவின் கடைசி எலும்பைத் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல்முனையையும் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம், டேப்பை இறுக்க வேண்டாம். காலையில் சாப்பிடும் முன் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒப்பிட முடியும்.

இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

நொய்யல்கரை41:
நன்றி மாஸ்டர். இன்று காலை அளந்தேன், 95 செ.மீ. பேண்ட் 34தான். ஜனவரியில் அளக்கவில்லை, எடை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செங்கோட்டை_ரயில்:
நண்பரே, கொள்ளு சாப்பிடுங்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இரவு ஊற வைத்து, காலையில் பூண்டு, மிளகு, சீரகம் போட்டுக் கஞ்சி வைத்துக் குடியுங்கள். எங்கள் மாமா மூன்றே மாதத்தில் இறக்கினார். க்ரஞ்சஸை 200 ஆக்குங்கள், எரிய வேண்டிய இடம் அதுதானே.

வைகை_பிசியோ:
நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலியோடு வருபவர்களில் நிறையப் பேர் இப்படித் தினமும் நூறு, இருநூறு க்ரஞ்சஸ் செய்து கழுத்தையும் இடுப்பையும் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுத் தசையை வேலை வாங்கினால் அதன் மேல் இருக்கும் கொழுப்பு எரியும் என்ற எண்ணம் தவறு. தசைக்குத் தேவையான கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் ரத்தத்தின் வழியாக வருகிறது, பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது போல அந்த இடத்திலிருந்து மட்டும் எடுப்பதில்லை. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இளைஞர்களை 27 நாளில் மொத்தம் 5,004 சிட்-அப் (படுத்து எழும் பயிற்சி) செய்ய வைத்து, வயிறு, முதுகு, புட்டம் மூன்றிலும் ஊசி வைத்துக் கொழுப்புச் செல்லை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவில்தான் சுருங்கியிருந்தது, வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. அதனால் 100ஐ 200 ஆக்குவதில் பயன் இல்லை.

பெல்ட்டைத் தயவுசெய்து கழற்றி வையுங்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். கொழுப்பு கரைந்தால் எங்கே போகிறது தெரியுமா, பெரும்பகுதி மூச்சில் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியாகவும், மீதி 1.6 கிலோ தண்ணீராகவும் வெளியேறும் என்று 2014இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

இப்போது உங்கள் விஷயம். வயிறு குறையவே இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. ஏழு கிலோ இறங்கும்போது வயிறும் இறங்கியிருக்கும். ஜனவரிக்கு முன்பிருந்தே போடும் பேண்ட் பெல்ட் இருந்தால் எடுத்து, பழைய தேய்ந்த தடம் எந்தத் துளையில் இருக்கிறது, இப்போது எதில் போடுகிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை41:
மேடம், பார்த்தேன். பழைய தடத்திலிருந்து இரண்டு துளை உள்ளே வந்திருக்கிறேன். துளைக்குத் துளை ஒரு அங்குலம். இது என் கண்ணில் படவே இல்லை.

வைகை_பிசியோ:
அதைத்தான் எதிர்பார்த்தேன். அப்படியானால் ஏறக்குறைய 5 செ.மீ. இறங்கியிருக்கிறது. வயிறு குறைந்த வேகத்திலேயே தோளும் மார்பும் கையும் தொடையும் குறைந்துவிட்டதால், கண்ணாடியில் பார்க்கும்போது வயிறு பழையபடியே துருத்திக்கொண்டு தெரிகிறது. நீங்கள் இழந்த ஏழு கிலோவில் கணிசமான பங்கு தசை. குறைவான சாப்பாடு, அதில் புரதம் இன்னும் குறைவு, தசைக்கு வேலையே கொடுக்காத நடை, இந்த மூன்றும் சேர்ந்தால் உடம்பு தசையையும் சேர்த்துத்தான் எடுக்கும்.

நம் மக்களுக்கு இது ஏற்கெனவே பலவீனமான இடம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கின் இருவரும் நண்பர்கள், இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்பை அளந்தபோது வெள்ளைக்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. இருவரும் பக்கத்தில் நிற்கும் படத்தோடு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் இல்லை. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்விலும் இந்தியாவில் பொதுவான உடல் பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு. அதாவது எடையைப் பார்த்தால் பருமன் என்று சொல்ல முடியாத பலருக்கும் வயிறு இருக்கிறது.

ஆகவே 62க்குப் போகாதீர்கள். இப்படியே போனால் 62இல் இன்னும் மெலிந்த கையும், அப்போதும் ஒரு சிறு தொப்பையும்தான் இருக்கும். எடையைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, தசையைத் திரும்பக் கொண்டுவரும் வேலையைப் பாருங்கள். உங்கள் பிஎம்ஐ இப்போது 24.4, இதற்கு மேல் பட்டினி கிடக்க வேண்டிய ஆள் இல்லை நீங்கள்.

செங்கோட்டை நண்பருக்கு: கொள்ளு நல்ல பயறு, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. எதையும் உருக்காது, ஆனால் காலையில் இட்லிக்குப் பதில் கொள்ளுக் கஞ்சி குடித்தால் மதியம் வரை பசி தாங்கும். உங்கள் மாமா இறங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நொய்யல்கரை41:
இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு மாதம் தப்பான எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சரி, அப்படியானால் சாப்பாட்டை முழுதாகவே எழுதிவிடுகிறேன், முதல் பதிவில் சிலதை விட்டுவிட்டேன். கம்பெனியில் ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மாலை டீயோடு பேக்கரியில் ஒரு பப்ஸ் அல்லது தேங்காய் பன், வாரத்தில் மூன்று நாள் இருக்கும். சனிக்கிழமை இரவு நண்பர்களோடு ஒரு குவார்ட்டர், இரண்டு பரோட்டா, சில்லி சிக்கன். வாரம் முழுவதும் ஒழுங்காக இருக்கிறேனே, ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

சமையல்கட்டுக்_கணக்கு:
முழுதாகச் சொன்னதற்கு நன்றி தம்பி, இப்போதுதான் கணக்குப் போட முடியும். நான் காரைக்குடி, வீட்டில் இருவருக்குச் சர்க்கரை, பத்து வருடமாக அளந்துதான் சமைக்கிறேன்.

சனிக்கிழமையை முதலில் எடுப்போம். 180 மி.லி. மதுவில் அதன் ஆல்கஹால் மட்டும் 420 கலோரிக்கு மேல். பரோட்டா ஒன்று 250க்குக் குறையாது, எண்ணெய் தாராளமாக விட்டுப் போட்டால் 300. சில்லி சிக்கன், சால்னா எல்லாம் சேர்த்தால் அந்த ஒரு வேளை 1,300, 1,400 வந்துவிடும். நீங்கள் நடக்கும் 5 கி.மீ. உங்கள் எடைக்கு 200 முதல் 250 கலோரிதான் செலவழிக்கிறது. ஆறு நாள் நடந்தது ஒரு ராத்திரியில் சரியாகப் போகிறது. போதாததற்கு, மது உள்ளே இருக்கும்வரை உடம்பு அதை எரிப்பதில்தான் முனைப்பாக இருக்கும், கொழுப்பின் முறை தள்ளிப்போகும்.

நான்கு டீயில் எட்டு ஸ்பூன் சர்க்கரை, 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை நிறுத்தச் சொல்ல மாட்டேன், திருப்பூரில் வேலை பார்ப்பவர் டீ இல்லாமல் இருக்க முடியாது என்று தெரியும், இரண்டு டீ, அரை ஸ்பூன் சர்க்கரை என்று வந்துவிடுங்கள். ஒரு வாரம் சப்பென்று இருக்கும், அப்புறம் பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும்.

புரதக் கணக்கு பார்த்தேன். இரண்டு இட்லியில் 4 கிராம், மதியச் சோறும் சாம்பாரும் 10, டீக்களில் இருக்கும் பால் 8, சப்பாத்தி 6. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 35 கிராம் தாண்டவில்லை. சும்மா இருப்பவருக்கே ஐசிஎம்ஆர் கணக்கில் கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்கு 57 வேண்டும். உடற்பயிற்சி செய்து தசை ஏற்ற வேண்டும் என்றால் 85க்குப் பக்கத்தில் போக வேண்டும்.

அதற்குப் பவுடர் எல்லாம் வேண்டாம். காலையில் இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, இரவில் ஒன்று, மொத்தம் 18 கிராம். மாலை பப்ஸுக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டல், 50 கிராம் கொண்டைக்கடலை ஊற வைத்தால் 10 கிராம். மதியம் சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள், ஆளுக்கு 40 கிராம் பருப்பு என்றால் 9. கோழி அல்லது மீன் 100 கிராம், அதில் 20 முதல் 25. மத்தி மீன் விலையும் குறைவு, நல்லதும்கூட. அசைவம் இல்லாத நாளில் மீல்மேக்கர் 40 கிராம் ஊறவைத்துப் பிழிந்து பொரியலில் போட்டால் 20 கிராம். ஒரு கிண்ணம் தயிர் 6, 7. சோறு, இட்லி, சப்பாத்தியில் இருப்பது 18. கூட்டிப் பாருங்கள், வந்துவிட்டது.

இன்னொன்று, வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். எங்கள் வீட்டில் முன்பு ஆறு லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. பாட்டிலிலிருந்து சாய்த்து ஊற்றுவதை விட்டுவிட்டு ஸ்பூனால் எடுக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான் செய்தேன், மூன்றேமுக்காலுக்கு வந்துவிட்டது. யாருக்கும் ருசி குறைந்ததாகத் தெரியவில்லை.

பழைய_பிடி_மாஸ்டர்:
காரைக்குடி அம்மா சொன்னதை அப்படியே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள் தம்பி. பயிற்சியை நான் சொல்கிறேன். 34 வருடம் அரசுப் பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது வயது 66, இன்னும் தினமும் பஸ்கி எடுக்கிறேன்.

ஜிம்முக்குப் போக வசதி இருந்தால் போங்கள், இல்லாவிட்டாலும் குறைவில்லை. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, நாளுக்கு 35 நிமிடம். பஸ்கி 15, தண்டால் முடிந்தவரை, ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்சஸ் பக்கத்துக்கு 10, பிறகு இழுக்கும் பயிற்சி ஒன்று கட்டாயம். தண்டால் தரையில் வரவில்லை என்றால் முதலில் சுவரில், பிறகு கட்டில் விளிம்பில், பிறகு தரைக்கு வாருங்கள். இழுக்கும் பயிற்சிக்கு ஐந்து லிட்டர் கேன் இரண்டில் முடிந்த அளவு தண்ணீர் ஊற்றி, முன்னால் குனிந்து, முதுகை நேராக வைத்து, முழங்கை பின்னால் போகும்படி இடுப்புக்கு இழுங்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் கூனி உட்காருகிறவர்களுக்கு வயிறு முன்தள்ளித் தெரிய முதுகு தளர்ந்ததும் ஒரு காரணம், இது அதைச் சரி செய்யும். கடைசியில் பிளாங்க், அதாவது முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது, 20 நொடியில் தொடங்குங்கள். எல்லாம் மூன்று சுற்று.

முக்கியமானது, ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று கூட வேண்டும். ஒரு தண்டால், இரண்டு பஸ்கி, கேனில் ஒரு லிட்டர், எதுவானாலும் சரி. கடைசி இரண்டு முறை தூக்கும்போது சிரமமாக இருக்க வேண்டும். மூன்று மாதம் அதே 100 என்றால் உடம்புக்குப் பழகிவிட்டது, அதற்கு மேல் தசை வளர அதற்குக் காரணமே இல்லை.

நடையை விடாதீர்கள், ஆனால் வேகம் பாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்தபட்சம். மதியம் சாப்பிட்டவுடன் நாற்காலியில் உட்காராமல் பத்து நிமிடம் கம்பெனி வளாகத்தில் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், தூக்கமும் வராது.

தாமிரபரணி_அம்மா:
நானும் இதே கேள்வியோடுதான் வந்தேன், இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 31 வயது, இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம், இரண்டுமே சிசேரியன். எடை பழைய எடைக்கு வந்துவிட்டது, ஆனால் வயிறு மட்டும் ஐந்து மாதக் கர்ப்பம் போல இருக்கிறது, கடையில் "எத்தனை மாசம்மா" என்று கேட்கிறார்கள், வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். மாமியார் பிரசவம் ஆனதும் பழைய சேலையால் வயிற்றைக் கட்டிவிட்டார், நான் சரியாகக் கட்டிக்கொள்ளாததால்தான் இப்படி என்கிறார். யூடியூப் பார்த்துக் கால் தூக்கும் பயிற்சி செய்தால் வயிற்றின் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒன்று மேலே எழும்புகிறது. பயமாக இருக்கிறது.

வைகை_பிசியோ:
அம்மா, அந்தப் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள், மற்றபடி பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வயிற்றின் முன்பக்கத் தசை நடுக்கோட்டில் இரண்டாக விலகியிருப்பது போலத் தெரிகிறது. கர்ப்பத்தில் இது இயல்பாக நடப்பது, பலருக்குத் தானாகச் சேரும், சிலருக்கு இடைவெளி நின்றுவிடும். இது கொழுப்பே இல்லை, அதனால் பட்டினியால் போகாது.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினால் பெண்களுக்கான பிசியோதெரபி தெரிந்தவரை நேரில் பாருங்கள். இருமும்போது தொப்புளிலோ தழும்பிலோ உருண்டையாக ஏதாவது தள்ளினால் குடலிறக்கமாக இருக்கலாம், அதற்கு அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை க்ரஞ்சஸ், கால் தூக்குதல், பிளாங்க் எதுவும் வேண்டாம். மூச்சை வெளியே விடும்போது தொப்புளை மெதுவாக உள்ளே இழுத்து, அடிவயிற்றையும் சிறுநீரை அடக்குவது போல மேலே இறுக்கி ஐந்து நொடி வைத்து விடுவது, இதை நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழுங்கள்.

சேலை கட்டுவது முதல் சில வாரம் முதுகுக்குத் தாங்கலாக இருக்கும், அவ்வளவுதான். அதைச் சரியாகக் கட்டாததால் உங்களுக்கு இப்படி ஆகவில்லை. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. பால் கொடுக்கிறீர்கள் என்றால் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது.

கோவை_தறி:
எல்லாம் சரி, ஆனால் நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் விழுந்துவிடும், தொப்பை வரத்தான் செய்யும். எங்கள் அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது. இயற்கையோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

வைகை_பிசியோ:
சார், 2021இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் 6,400க்கும் அதிகமானவர்களை அளந்து பார்த்தார்கள், கைக்குழந்தை முதல் தொண்ணூறு தாண்டியவர் வரை. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை உடம்பு எரிக்கும் ஆற்றல் மாறவில்லை, அறுபதுக்கு மேல்தான் மெதுவாக இறங்குகிறது. நாற்பதில் மாறுவது நம் நாள்தான். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவர் வண்டி வாங்குகிறார், மெஷினில் நின்றவர் சூப்பர்வைசர் ஆகி உட்காருகிறார், பாரம் தூக்க ஆள் வைத்துக்கொள்கிறார், தூக்கம் ஐந்து மணி நேரம் ஆகிறது. பெண்களுக்கு மட்டும் மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும் போக்கு உண்மையிலேயே உண்டு. பரம்பரையும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன், உங்கள் அப்பாவின் உடல்வாகு உங்களுக்கு வந்திருக்கும். ஆனால் 100 செ.மீ. வயிற்றை 92 ஆக்க முடியாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2010இல் ஒரே ஆட்களை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க விட்டு, இரண்டு முறையும் சாப்பாட்டைக் குறைத்து ஒரே அளவு கொடுத்தார்கள். எடை இரண்டிலும் ஏறக்குறைய மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டும், மற்றதெல்லாம் தசையும் நீரும். பத்தே பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கும் திருப்பூர்க்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரை_போடுபவன்:
52 வயது, 11 வருடமாகச் சர்க்கரை. யாரும் என் போல ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு வாட்ஸ்அப்பில் ஒருவர் மூலிகைப் பொடி என்று விற்றார், 15 நாளில் தொப்பை கரையும் என்றார். பசியே எடுக்கவில்லை, எனக்குச் சந்தோஷம். பத்தாவது நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, ரத்த அழுத்தம் 170க்குப் போய் மருத்துவமனையில் சேர்ந்தேன். பொடியில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. டாக்டர் சொன்னார், சிபுட்ராமின் என்று பசியை அடக்கும் மருந்து ஒன்று இருந்தது, இதயத்துக்கு ஆபத்து என்று 2011இல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், மூலிகை என்று விற்கும் பொருள்கள் சிலவற்றில் அதைக் கலந்திருப்பதைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள் என்று.

இன்னொன்று, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இரவுச் சாப்பாட்டைத் தானாக நிறுத்தாதீர்கள். எனக்கு விடிகாலை மூன்று மணிக்குச் சர்க்கரை 52க்கு இறங்கி, மனைவி வாயில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினாள். டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் குறைத்துவிட்டு அப்புறம் சாப்பாட்டைக் குறையுங்கள். நொய்யல்கரை தம்பி, அம்மா சொன்னது போல ஒரு முறை வெறும் வயிற்றுச் சர்க்கரையும், எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். காரணமில்லாமல் மெலிவதும் அதன் அறிகுறிதான்.

நொய்யல்கரை41:
ஐயா, நீங்கள் சொன்னதும் பார்த்துவிட்டேன். எச்பிஏ1சி 5.9. எல்லைக்கு மேல் போய்விட்டது, ஆனால் சர்க்கரை நோய் இன்னும் இல்லை என்றார் டாக்டர். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு முதல் நிலை. வயிற்றைப் பார்க்க நன்றாக இல்லை என்றுதான் தொடங்கினேன், இப்போது உள்ளே இருப்பதுதான் கவலையாக இருக்கிறது. இன்று முதல் மாஸ்டர் சொன்ன பயிற்சி.

(ஆறு வாரம் கழித்து)

நொய்யல்கரை41:
கணக்குச் சொல்கிறேன். எடை 69.3, அதாவது 300 கிராம் கூடியிருக்கிறது. இடுப்பு 93. தண்டால் தரையில் நான்கு வருகிறது. எடை கூடியதைப் பார்த்ததும் பழையபடி இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் தடுமாறினேன்.

பழைய_பிடி_மாஸ்டர்:
விடாதீர்கள் தம்பி! எடை கூடி இடுப்பு இரண்டு செ.மீ. குறைந்திருக்கிறது என்றால் நாம் கேட்டது அப்படியே நடக்கிறது. எடைக் கருவியை மாதம் ஒரு முறை எடுங்கள் போதும், டேப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

சமையல்கட்டுக்_கணக்கு:
சனிக்கிழமை என்ன ஆயிற்று தம்பி?

நொய்யல்கரை41:
முதல் இரண்டு வாரம் போகவே இல்லை அக்கா. நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். இப்போது போகிறேன், எலுமிச்சை சோடாவோடு உட்காருகிறேன், தந்தூரி சிக்கன் சாப்பிடுகிறேன், பரோட்டா ஒன்று. மாதத்தில் ஒரு முறை 60 மி.லி. என்று வைத்திருந்தேன், கல்லீரல் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் அதுவும் வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். வீட்டு எண்ணெய் ஐந்து லிட்டரிலிருந்து நான்குக்கு வந்திருக்கிறது, மூன்று பேருக்கு இதுவும் அதிகம் என்று மனைவியே சொல்கிறார்.

(மாசி மாதம்)

நொய்யல்கரை41:
ஆறு மாதம் முடிந்தது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எடை 66.8. இடுப்பு 89. எச்பிஏ1சி 5.5. தண்டால் 18, தண்ணீர் கேன் போய் 15 கிலோ டம்பெல் இரண்டு வாங்கியிருக்கிறேன். தீபாவளிக்கும் டிசம்பர் ஷிப்மென்ட்டுக்கும் நடுவில் ஐந்து வாரம் பயிற்சி சரியாக நடக்கவில்லை, இடுப்பு ஒன்றரை செ.மீ. ஏறி மறுபடி இறங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். அடிவயிற்றில் கையால் பிடிக்கிற அளவுக்கு ஒரு மடிப்பு இன்னும் இருக்கிறது. சட்டை தோளில் உட்காருகிறது. அம்மா இப்போது எதுவும் கேட்பதில்லை, சுண்டலை அவரே ஊற வைக்கிறார்.

தாமிரபரணி_அம்மா:
வாழ்த்துகள் அண்ணா. நானும் நேரில் காட்டினேன். மூன்று விரல் இடைவெளி இருந்தது, நான்கு மாதப் பயிற்சியில் ஒன்றரை விரலுக்கு வந்திருக்கிறது. குடலிறக்கம் இல்லை. இப்போது பஸ்கியும் சுவர்த் தண்டாலும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

வைகை_பிசியோ:
இருவரும் எழுதியதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. நொய்யல்கரை சார், அந்த அடிவயிற்று மடிப்பு தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, ஆண்களுக்குப் பெரும்பாலும் கடைசியில் இறங்குவது அதுதான். உள்ளுறுப்புகளைச் சுற்றி இருந்ததுதான் ஆபத்து, அது இறங்கியிருக்கும் என்றுதான் உங்கள் இடுப்பளவும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து காட்டுகின்றன. மடிப்புக்காகச் சாப்பாட்டை மேலும் குறைக்க வேண்டாம். கல்லீரல் ஸ்கேனை ஒரு வருடம் ஆனதும் மறுபடி எடுத்துப் பாருங்கள், டம்பெல்லைக் குனிந்து எடுக்கும்போது முழங்காலை மடக்குங்கள்.